தம் இனத்துக்குப் பேனா பிடித்தவர் எல்லா இனத்துக்கும் தலைவரானார்
மர்ஹூம் யூசுப் இஸ்ஹாக் அவர்களின் வாழ்க்கைச் சுருக்கம்

நம் வியாபாரிகள் நாள்தோறும் எண்ணிக் கட்டும் நோட்டுகளில் ஒரு முகம் இருக்கிறது. இரண்டு வெள்ளி நோட்டிலும் அதே முகம். நூறு வெள்ளி நோட்டிலும் அதே முகம். 1999-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்திலிருந்து இந்த நோட்டுகள் நம் கல்லாப்பெட்டிக்கு வந்து போய்க்கொண்டிருக்கின்றன. அந்த முகத்துக்கு உரியவர் சிங்கப்பூரின் முதல் ஜனாதிபதி மர்ஹூம் யூசுப் இஸ்ஹாக் அவர்கள் என்பது பலருக்குத் தெரியும். அன்னார் ஒரு காலத்தில் நம்மைப் போல் மளிகைக் கடை வைத்துப் பிழைத்தவர் என்பதும், அவர் தொடங்கிய பத்திரிகைக்கு நம் முன்னோர்களும் ஒருவகையில் காரணமானார்கள் என்பதும் பலருக்குத் தெரியாது. நிறத்தாலும் இனத்தாலும் மனிதர் பிரிக்கப்பட்டிருந்த ஒரு நாட்டில், தம் இனத்தின் மானத்துக்காக உழைத்த ஒருவர் மற்ற இனத்தாரின் நம்பிக்கையையும் எவ்வாறு பெற்றார் என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

பிறப்பும் கல்வியும்

1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதியன்று, பேராக் மாநிலத்தில் துரோங் வட்டாரத்தைச் சேர்ந்த பாடாங் காஜா என்னும் சிற்றூரில் அன்னார் பிறந்தார்கள். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். முன்னோர் சுமத்திராவின் மினாங்கபாவ் வம்சத்தினர். தகப்பனார் இஸ்ஹாக் பின் அஹ்மத் அவர்கள் மீன்வளத் துறையில் அரசாங்க உத்தியோகஸ்தர். அத்துறையின் தற்காலிக இயக்குநர் பதவிக்கு உயர்ந்த முதல் ஐரோப்பியரல்லாதவர் அவரே.

இது ஏன் பெரிய செய்தியாக இருந்தது என்பதை அறிய அக்காலத்து நிலையை அறிதல் வேண்டும். மலாயா சிவில் சர்வீஸ் என்னும் உயர்தர அரசாங்கப் பணி தூய ஐரோப்பிய வம்சாவழியினருக்கே என்று விதி இருந்தது. எவ்வளவு படித்திருந்தாலும் தமிழரோ சீனரோ யுரேஷியரோ அந்த வாசலைத் தாண்ட இயலாது. மலாய்க்காரருக்குக் கீழ்ப்படியில் தனியாக ஒரு பணி வகுத்திருந்தார்கள். நகரத்துச் சில கிளப்புகளிலும் தோலின் நிறத்தைப் பார்த்தே கதவு திறந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினத்தாருக்குத் தனிப் பள்ளி, தனி இருக்கை, தனிக் குழாய் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்த காலம் அது. இங்கே அவ்வளவு வெளிப்படையாகப் பலகை மாட்டவில்லை. ஆயினும் யார் எந்தப் படி வரை ஏறலாம் என்பதை நிறமே தீர்மானித்தது.

அப்படிப்பட்ட நாளில் இளைஞர் யூசுப் தைப்பிங் நகரில் மலாய்ப் பள்ளியிலும் ஆங்கிலப் பள்ளியிலும் பயின்று, 1923-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து, ராஃபிள்ஸ் கல்விநிலையத்தில் சேர்ந்தார்கள். 1927-இல் சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வில் சிறப்புடன் தேறினார்கள். குத்துச்சண்டை, பளு தூக்குதல் இரண்டிலும் பரிசு பெற்ற வீரர். மாணவர் படையில் அதிகாரி பதவியும் பெற்றார்கள். இங்கிலாந்தில் மேற்படிப்புக்கு அனுப்பும் உபகாரச் சம்பளத்துக்கான வகுப்பில் 1929 வரை பயின்றும் அது அவருக்குக் கிட்டவில்லை. அத்துடன் அரசாங்க உத்தியோகத்தை நாடாமல் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் நண்பர் இருவருடன் சேர்ந்து விளையாட்டுப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார்கள்.

யார் கையில் அச்சு இயந்திரம்?

1932-ஆம் ஆண்டில் வார்த்தா மலாயா என்னும் மலாய் நாளிதழில் பணிக்குச் சேர்ந்தார்கள். செய்தி எழுதுவது முதல் நிர்வாகம் வரை எல்லாவற்றையும் அங்கே கற்றார்கள். ஆனால் ஒரு விஷயம் அவர் மனத்தை உறுத்தியது. மலாய் மொழிப் பத்திரிகைகள் இருந்தன, படிப்பவர் மலாய்க்காரர், எழுதுபவர் பலரும் மலாய்க்காரர். முதலாளிகளோ அரபு வம்சத்தாரும் இந்திய முஸ்லிம் வம்சத்தாருமாக இருந்தனர். வார்த்தா மலாயாவும் அல்ஸகாஃப் குடும்பத்தாரின் உடைமையே.

இவ்விடத்தில் நம் சமூகம் சற்று நின்று யோசிக்க வேண்டும். இந்நாட்டில் பத்திரிகைத் தொழிலுக்கு வழி திறந்தவர்களில் நம்மவர் முன் வரிசையில் இருந்தனர். முதல் மலாய்ப் பத்திரிகையான ஜாவி பெரானாக்கான் 1876-ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வம்சாவழியினரால் சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. 1887-இல் சிங்கை நேசன் என்னும் தமிழ் வார இதழை நடத்தியவர் மகுதூம் சாயபு அவர்கள். இவை நாம் பெருமைப்படத்தக்க கைங்கரியங்கள். ஆனால் நமக்குப் பெருமையாகத் தெரிந்தது, மண்ணின் மக்களான மலாய்க்காரருக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கிறது. கடை மற்றவர் கையில், கடன் கொடுப்பது மற்றவர் கையில், தம் மொழியில் வரும் பத்திரிகையும் மற்றவர் கையில் என்றால், தம் குறையைத் தாம் எங்கே போய்ச் சொல்வது என்று அவர்கள் நினைத்தார்கள். மார்க்கம் ஒன்றாயிருந்தும் மனஸ்தாபம் வளர்ந்தது. 1930-ஆம் ஆண்டுகளில் மலாய் எழுத்தாளர் சிலர், அரபு ரத்தம், கெலிங் ரத்தம் என்று பொருள்படும் எழுத்துச் சுருக்கங்களால் கலப்பு வம்சத்தாரைக் கேலி செய்து எழுதினார்கள். அந்தச் சொல் இன்றும் நம்மைப் புண்படுத்துகிறது. ஆயினும் அதன் அடியில் கிடந்த ஏக்கம் பொய்யன்று.

யூசுப் அவர்கள் ஏக்கத்தை வசையாக்கவில்லை, ஒரு தொழிலாக்கினார்கள். மலாய்க்காரரே பங்கு போட்டு, மலாய்க்காரரே நடத்தும் பத்திரிகை ஒன்று வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முடிவு செய்தனர். பெரும் பணக்காரர் எவரும் முன்வந்து அள்ளிக் கொடுக்கவில்லை. ஆகவே மலாயா முழுதும் ஊர் ஊராகச் சென்று பங்கு விற்றார்கள். டாக்ஸி ஓட்டுநர், தெருவில் கூவி விற்போர், குடியானவர் என்று சின்ன வருமானக்காரரே வாங்கினார்கள். 1939-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் தேதி உத்துசான் மெலாயு வெளிவந்தது. தொடக்கத்தில் முதலாளியும் அவரே, ஓடியாடி விற்பவரும் அவரே என்னும்படி அன்னார் எல்லா வேலையும் செய்தார்கள்.

அமெரிக்காவிலும் இத்தகைய வரலாறு உண்டு. 1905-ஆம் ஆண்டில் ராபர்ட் அபட் என்ற கறுப்பினப் பெரியவர் வெறும் 25 சென்ட் முதலுடன் சிக்காகோ டிஃபெண்டர் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். வெள்ளையர் பத்திரிகைகள் எழுத மறுத்த கொடுமைகளை அது எழுதியது. தென் மாநிலங்களில் வாடிய கறுப்பினத்தார் பல்லாயிரவர் வடக்கு நகரங்களுக்குக் குடிபெயர அதுவே தூண்டுகோல் ஆயிற்று. ஒடுக்கப்பட்ட சமூகம் தன் குரலைத் தன் காசிலேயே வாங்கிக்கொள்ளும்போது அதை அடக்குவது கடினம் என்பதற்குச் சிக்காகோவும் சாட்சி, சிங்கப்பூரும் சாட்சி.

கடைக்காரர் யூசுப்

1942-இல் ஜப்பானியர் வந்தனர். உத்துசான் மெலாயு நின்றது. அச்சு இயந்திரங்களை ஜப்பானியர் எடுத்துக்கொண்டனர். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஏழைகளின் காசைச் சேர்த்து எழுப்பிய ஸ்தாபனம் கைவிட்டுப் போயிற்று. அன்னார் தைப்பிங் திரும்பி ஒரு மளிகைக் கடை வைத்தார்கள். கடை வருமானம் போதாமல் வீட்டுச் சாமான்களையும் விற்றே குடும்பம் நடந்தது. அரிசிக்கும் சீனிக்கும் என்ன பாடு பட்டார்கள் என்பதை அந்தக் காலத்தில் கடை நடத்திய நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1945-இல் யுத்தம் முடிந்ததும் சிங்கப்பூர் வந்து பத்திரிகையை மறுபடி தொடங்கினார்கள். 1949-இல் பினாங்கில் வளர்ந்த நூர் ஆயிஷா அம்மையாரை மணந்தார்கள். அக்காலத்தில் உத்துசான் மெலாயுவுக்குச் சட்ட ஆலோசகராக இருந்தவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. ஒரு மலாய்ப் பத்திரிகைக்காகச் சீன வழக்கறிஞர் ஒருவர் வாதாடிய பழக்கம், பின்னாளில் ஒரு நாட்டின் வரலாற்றில் முக்கியமாயிற்று.

1957-இல் மலாயா சுதந்திரம் பெற்றது. பத்திரிகை கோலாலம்பூருக்கு மாறியது. அன்னாரும் உடன் சென்றார்கள். அங்கே ஆளும் கட்சியினர் பங்குகளை வாங்கிப் பத்திரிகையைத் தம் வசப்படுத்த முயன்றனர். தம் இனத்தின் குரலாக இருக்க வேண்டியது ஒரு கட்சியின் குழலாக மாறுவதை அவர் விரும்பவில்லை. இருபது ஆண்டு உழைப்பை விட்டு விலகி, 1959-இல் சிங்கப்பூர் திரும்பினார்கள். முதலாளி மாறினால் சரக்கும் மாறும் என்பது வியாபாரிகளுக்குத் தெரிந்த உண்மை. அதை அவர் முன்கூட்டியே கண்டார் என்பது பின்னர் விளங்கிற்று.

அரண்மனைக்கு வந்த பத்திரிகைக்காரர்

அவ்வாண்டு சிங்கப்பூர் உள்நாட்டுச் சுயாட்சி பெற்றது. யூசுப் அவர்கள் முதலில் பொதுச் சேவை ஆணையத்தின் தலைவராக நியமிக்கப்பட்டார்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும் பீடம் அது. நிறத்தைப் பார்த்து வேலை கொடுத்த காலத்தில் வளர்ந்தவர், தகுதியைப் பார்த்து வேலை கொடுக்க வேண்டிய நாற்காலியில் அமர்ந்தார்.

1959-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3-ஆம் தேதி அன்னார் யாங் டி பெர்த்துவான் நெகாராவாகப் பதவி ஏற்றார்கள். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் ஆங்கிலேய கவர்னர். பரம்பரையாக வெள்ளைக்காரரே வீற்றிருந்த பீடத்தில் முதன்முதலாக ஓர் ஆசியர் அமர்ந்தார். பிறைக்கொடியும் நாட்டுப் பண்ணும் அதே நாளில்தான் அறிமுகமாயின. பெரிய அரண்மனைக் கட்டிடத்தில் குடியிருக்காமல், அதன் வளாகத்தில் ஸ்ரீ மெலாத்தி என்னும் சிறிய பங்களாவில் குடும்பத்துடன் வாழ்ந்தார்கள். ஓய்வு நேரத்தில் ஆர்க்கிட் பூச்செடி வளர்த்தார்கள்.

1964: சோதனை ஆண்டு

1963-இல் சிங்கப்பூர் மலேசியாவில் சேர்ந்தது. மலாய்க்காரரின் உரிமை எவ்வளவு, மற்றவர்களின் சமத்துவம் எவ்வளவு என்ற வாக்குவாதம் சூடேறியது. 1964-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் தேதி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பிறந்த தின ஊர்வலம் பாடாங் திடலிலிருந்து கேலாங் நோக்கிப் புறப்பட்டது. வழியில் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கைகலப்பு மூண்டு நகரெங்கும் பரவியது. அன்று இரவே ஊரடங்குச் சட்டம் வந்தது. 23 பேர் மாண்டனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பர் மாதத்தில் மறுபடியும் கலகம்; அதில் 13 பேர் மாண்டனர். உலகத்துக்கு அருட்கொடையாக வந்தவரின் பிறந்த நாளில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது முஸ்லிம்களாகிய நம் நெஞ்சில் என்றும் ஆறாத புண்.

அதே ஜூலை மாதம் 2-ஆம் தேதிதான் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன், இனப் பாகுபாட்டை விலக்கும் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். இரண்டு வாரத்தில் நியூயார்க் போலீஸ்காரர் ஒருவர் பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்றார். ஹார்லெம் வட்டாரம் பற்றி எரிந்தது. சட்டம் காகிதத்தில் ஏறும் வேகத்தில் மனத்தில் ஏறுவதில்லை என்பதற்கு அந்த ஒரு மாதம் இரண்டு கண்டங்களிலும் சாட்சியாயிற்று.

யூசுப் அவர்களுக்கு இச்சோதனை இரட்டை மடங்கு. கலகத்துக்கு முன்பு மலாய்க்காரரைத் தூண்டிவிடும்படி எழுதியதாகச் சிங்கப்பூர் அரசாங்கம் குற்றஞ்சாட்டிய பத்திரிகை எது தெரியுமா? அவர் ஏழைகளிடம் பங்கு விற்றுப் பெற்றெடுத்த உத்துசான் மெலாயுவே. கோலாலம்பூர்த் தலைவர்கள் அக்குற்றச்சாட்டை மறுத்தனர். பழி வேறிடத்தில் என்றனர். அந்த வழக்கு வரலாற்று ஆசிரியர்களிடையே இன்னும் தீரவில்லை. ஆனால் மானத்துக்காகத் தொடங்கிய குரல், கை மாறிய பிறகு, தம் மக்களையே ஆபத்தில் நிறுத்திய குரலாகப் பேசப்பட்டதைக் காணும் நிலை அன்னாருக்கு நேர்ந்தது.

அவர் தம் இனத்தை விட்டு ஓடவுமில்லை. தம் இனத்தின் கோபத்தை வைத்து ஆதாயம் தேடவுமில்லை. சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் மீண்டும் ஒருவரையொருவர் நம்பும்படி மக்களிடையே சென்று பழகினார்கள். அரசியல் சட்டப்படி அவருக்கு நிர்வாக அதிகாரம் இல்லை. அமைச்சரவையின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டிய பதவி. அவரை வெறும் அலங்காரப் பொம்மை என்று இகழ்ந்தவர்களும் இருந்தனர். ஆனால் பயந்து கிடந்த மக்களுக்கு, நிதானமிழக்காத ஒரு தலைவரின் இருப்பே பெரிய ஆறுதல்.

சிறுபான்மையான ஒரே நாள்

1965-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 9-ஆம் தேதி சிங்கப்பூர் தனி நாடாயிற்று. அதுவரை மலேசியாவில் பெரும்பான்மை இனத்தோடு இருந்த சிங்கப்பூர் மலாய்க்காரர், ஒரே நாளில் சீனர் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் சிறுபான்மை ஆயினர். அந்நாட்டின் முதல் ஜனாதிபதியாக ஒரு மலாய் முஸ்லிம் நின்றார். டிசம்பர் மாதம் 8-ஆம் தேதி கூடிய முதல் பாராளுமன்றத்தைத் திறந்து வைத்தவரும் அவரே. மலாய் தேசிய மொழியாகவும், மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சி மொழிகளாகவும் நிலைபெற்றன. நம் தமிழ் அந்தச் சிறு தீவில் சட்டப்படி சமமாக அமர்ந்திருப்பது அக்காலத்து ஏற்பாட்டினாலேயே. 1968-இல் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம் தோன்றியதும் அன்னாரின் காலத்திலேயே.

1969-ஆம் ஆண்டு மே மாதம் கோலாலம்பூரில் மூண்ட இனக் கலவரத்தின் பொறி சிங்கப்பூரிலும் விழுந்து 4 பேர் மாண்டனர். மறு ஆண்டு நவம்பர் மாதம் 23-ஆம் தேதி, இதய நோயால் தளர்ந்திருந்த யூசுப் அவர்கள் தமது அறுபதாம் வயதில் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கிராஞ்சி அரசாங்க மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

அவருக்குப் பின் யுரேஷியர், மலையாளி, சீனர், தமிழர் எனப் பலர் ஜனாதிபதி ஆயினர். மலாய் சமூகத்திலிருந்து அடுத்த ஜனாதிபதி வர 47 ஆண்டுகள் ஆயின. 2017-இல் அப்பதவி ஏற்ற ஹலிமா யாக்கோப் அவர்களின் தகப்பனார் இந்திய முஸ்லிம், தாயார் மலாய்க்காரர். 1930-களில் யாரைக் கலப்பு ரத்தம் என்று எள்ளினார்களோ, அந்தக் கலப்பின் புதல்வி யூசுப் அவர்களின் ஆசனத்துக்கு வந்தார். அத்தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கென ஒதுக்கப்பட்டது. அது நியாயமா, தேவையா என்ற விவாதமும் நடந்தது. சமத்துவத்துக்கு எந்த வழி நேரானது என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

நம் கடையில் என்ன நடக்கிறது?

இவ்வரலாறு நமக்கு எதற்கு? பூன் லே வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். இந்த இடத்துக்குப் பெயர் தந்த சியூ பூன் லே அவர்களும் ரப்பர்த் தோட்டமும் பிஸ்கட் தொழிலும் நடத்திய சீன வியாபாரியே. இன்று இங்குள்ள வீவக அடுக்குமாடிகளில் எல்லா இனத்தாரும் ஒரே மின்தூக்கியில் ஏறி இறங்குகிறார்கள். 1989-ஆம் ஆண்டு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, ஓர் இனத்தார் மட்டும் ஒரே அடுக்கில் குவியாதபடி அளவு வகுத்திருக்கிறது. வீட்டை விற்கும்போது அந்த அளவு சிறுபான்மையினருக்குத் தொல்லை தருவதும் நம்மவர் அறிந்ததே. வாடகை வீடு தேடும் இந்தியரை, இனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பும் வீட்டுக்காரரும் உண்டு. அப்போது நமக்கு வலிக்கிறது.

அந்த வலியோடு நம் கடைக்கு வருவோம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நம் ஊர்க்காரரா என்று பார்க்கிறோம். மலாய்ப் பிள்ளை வந்து கேட்டால் இடமில்லை என்கிறோமா? கறுத்த வாடிக்கையாளருக்கு ஒரு முகம், வெளுத்த வாடிக்கையாளருக்கு ஒரு முகம் காட்டுகிறோமா? 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் சிங்கப்பூர் பாராளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. இனம், சமயம் முதலியவற்றைக் காட்டி வேலையில் பாகுபாடு செய்வதை அது தடுக்கிறது. ஆனால் 25 பேருக்குக் குறைந்த தொழிலாளரை உடைய நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. நம் கடைகளில் பெரும்பாலானவை அந்த விலக்குக்குள் அடங்கும். சட்டம் எட்டாத அந்த இடத்தில் ஈமான் எட்ட வேண்டும்.

அரபிக்கும் அரபியல்லாதாருக்கும், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இறையச்சம் ஒன்றைத் தவிர வேறு ஏற்றம் இல்லை என்பது நம் நாயகம் (ஸல்) அவர்களின் இறுதி ஹஜ்ஜுப் பேருரையின் போதனை. 1964-இல் அமெரிக்காவின் மால்கம் எக்ஸ் மக்காவில் நேரில் கண்டு மனம் மாறியதும் அந்தப் போதனையின் நடைமுறையையே. வெள்ளையர் யாவரையும் பகைவர் என்று எண்ணி வந்தவர், வெள்ளை முஸ்லிம்களோடு ஒரே தட்டில் உண்டார். அதற்குப் பின்னும் அவர் தம் இனத்தின் உரிமையை விடவில்லை. பகையை மட்டும் விட்டார்.

யூசுப் இஸ்ஹாக் அவர்கள் ஏழைகளின் காசால் தம் இனத்துக்கு ஒரு மேடை கட்டினார்கள். அந்த மேடை கை மாறிப் போயிற்று. ஆனால் அதைக் கட்டும்போது கற்ற நேர்மை அன்னாரோடு அரண்மனை வரை வந்தது. நம் சங்கமும் நம்மவர் முன்னேற்றத்துக்காகவே உழைக்கிறது, அதில் தவறில்லை. நம் உதவித்தொகைக்கும் நம் கடை வேலைக்கும் நம் நோன்புக் கஞ்சிக்கும் பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் சீனரும் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பதையும் நம் நிர்வாகிகளும் உறுப்பினர்களும் கணக்குப் பார்க்க வேண்டும்.

வல்ல அல்லாஹ் மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்செயல்களை ஏற்று, மேலான சுவன பதவியை அருள்வானாக! நம் தராசைப் போல நம் மனத்தையும் நேராக்குவானாக! ஆமீன்.